எடுத்துவிடச் சொன்னால் யார் எடுப்பது?

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் ஒரே அளவுகோலைக் கையாளுகின்றன. அதற்குத் தம்பதி-ஆண்டுப் பாதுகாப்பு என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் சி.ஒய்.பி. என்றே சொல்லுவோம். ஒரு திட்டம் கொடுத்த கருத்தடைச் சாதனங்கள் எத்தனை தம்பதிகளுக்கு எத்தனை ஆண்டுப் பாதுகாப்பாக அமையும் என்பதன் கணக்கு அது. 120 ஆணுறைகள் கொடுத்தால் ஓர் ஆண்டு. 15 சுற்று மாத்திரை (ஒரு சுற்று என்பது ஒரு மாத அட்டை) கொடுத்தால் ஓர் ஆண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை நான்கு முறை போட்டால் ஓர் ஆண்டு. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ ஒன்றைப் பொருத்தினால் 4.6 ஆண்டுகள், 2011இல் திருத்தப்படுவதற்கு முன்பு அது 3.5 ஆக இருந்தது. ஒரு கருத்தடை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 10 ஆண்டுகள். ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் இந்த எண்களைப் பெருக்கிக் கூட்டி ஒரே தொகையாக அனுப்புவோம். வாஷிங்டனிலோ லண்டனிலோ அமர்ந்திருப்பவர் கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தையும் ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு மாவட்டத்தையும் அந்தத் தொகையைக் கொண்டே அருகருகே வைத்துப் பார்ப்பார்.

அந்த அறிக்கைப் படிவத்தில் பொருத்தியவற்றுக்கு ஒரு கட்டம் இருந்தது. எடுத்தவற்றுக்குக் கட்டம் இல்லை. கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் இத்தகைய நிதியுதவித் திட்டங்களைப் பல ஆண்டுகள் நிர்வகித்திருக்கிறேன். அந்த ஒரு கட்டம் இல்லாததிலிருந்து எத்தனை சிக்கல்கள் கிளைத்தன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காட்டு ஊர்களில் காப்பர்-டி போட்டுக்கொண்ட பெண்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலேயே அதை எடுத்துவிடச் சொல்லி வருவது வழக்கம். காரணங்கள் எளியவை. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகும், அடிவயிறு வலிக்கும். கொட்டை உடைக்கும் கொட்டகையில் நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு அந்த வலியோடு கூலிக்குப் போக முடியாது. சிங்கப்பூர் போன கணவன் திரும்புவதற்கு இரண்டு ஆண்டாகும் என்று தெரிந்தவளுக்கு அந்தச் சாதனம் உள்ளே இருக்க வேண்டிய தேவையே இல்லை. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பதும் ஒரு காரணம்தான்; தற்காலிக முறை என்று சொல்லித்தானே கொடுத்தோம். ஆனால் அவர்களை எதிர்கொண்ட செவிலியர்களின் முதல் பதில் பெரும்பாலும் “இன்னும் ரெண்டு மாசம் பாரும்மா, சரியாயிடும்” என்பதாகவே இருந்தது. மருத்துவ அறிவுரை என்ற அளவில் அது தவறும் அல்ல. முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு தானாகவே சீராவது உண்மைதான். இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அதே பதிலைச் சொல்லி அனுப்பியபோதுதான் அது தட்டிக்கழித்தல் என்று புரிந்தது. எங்கள் திட்டத்துச் செவிலியர் ஒருவர் ஒருநாள் வெளிப்படையாகவே கேட்டார்: “மேடம், எடுத்துட்டா நம்ம கணக்குல கொறைஞ்சிடாதுங்களா?”

குறையாது என்பதுதான் உண்மை. காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகள் பயன் தரக்கூடியது. அப்படியிருக்க அதற்கு 10 என்று மதிப்பு வைக்காமல் 4.6 என்று வைத்ததற்குக் காரணமே, போட்டுக்கொண்டவர்களில் பலர் இடையில் எடுத்துவிடுவார்கள் என்பதுதான். எடுத்தவர்களையும் வைத்துக்கொண்டவர்களையும் சேர்த்துச் சராசரி கண்டே அந்த எண்ணுக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பெண் கேட்டதும் எடுத்துவிடும் செவிலியரால் அறிக்கையில் ஓர் ஆண்டுகூட இழப்பில்லை. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த வியப்பு எனக்கு வேறொன்றை உணர்த்தியது. அளவுகோலை வகுத்தவர்கள் அறிந்திருந்த செய்தி, அந்த அளவுகோலால் அளக்கப்படுகிற கடைசிப் பணியாளர் வரை வந்து சேரவே இல்லை. பயிற்சிக் கையேட்டில் பெருக்கல் வாய்பாடு இருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்ற விளக்கம் இல்லை.

கணக்கில் குறையாவிட்டாலும் கையில் குறையத்தான் செய்யும். எடுப்பதற்கும் கையுறை வேண்டும், கிருமி நீக்கிய கருவி வேண்டும், மறைவான இடமும் அரை மணி நேரமும் வேண்டும். சாதனத்தின் நூல் தெரியாமல் உள்ளே ஏறிப்போயிருந்தால் ஸ்கேன் எடுக்க அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஆட்டோ வாடகை, உடன் வருகிறவருக்கு ஒரு நாள் கூலி. பொருத்துவதற்கான செலவுகள் எல்லாம் வரவுசெலவுத் திட்டத்தில் வரிவரியாக இடம்பெற்றிருந்தன. எடுப்பதற்கானவை எங்கும் இல்லை. பத்து ஆண்டு உழைக்கும் சாதனத்தை மூன்று ஆண்டுத் திட்டம் பொருத்திவிட்டுப் போகிறது என்னும்போது, எடுக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி திட்டம் மூடப்பட்ட பிறகே வந்து நிற்கும் என்பதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை. ஆனாலும் நான் பார்த்த முன்மொழிவுகள் எதிலும், என்னுடையவை உட்பட, இந்தக் கழித்தலை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததும் அல்ல. மேல்கையின் தோலுக்கடியில் ஆறு சிறு குழல்களாகப் பதிக்கப்படும் நார்பிளாண்ட் என்ற சாதனம் 1980களிலும் 90களிலும் பல நாடுகளில் பரவியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதை எடுத்துவிட வேண்டும். பதிப்பது எளிது, எடுப்பதற்குத்தான் கைத்தேர்ச்சி வேண்டும். மிக அதிகமாகப் பயன்படுத்திய இந்தோனேசியாவில், காலம் முடிந்த பிறகும் எடுக்கத் தெரிந்தவர் கிடைக்காமல் பெண்கள் காத்திருந்தார்கள். வங்கதேசத்தில் நடந்த சோதனையில், எடுத்துவிடும்படி கேட்ட பெண்களைத் திருப்பி அனுப்பியதாக அங்குள்ள பெண்கள் அமைப்பினர் எழுதினார்கள்.

அதே வங்கதேசத்தில்தான் இதற்கு நேர்மாறான பாடமும் கிடைத்தது. மத்லப் என்ற வட்டாரத்தில் 1975இல் ஒரு முயற்சி தொடங்கியது: உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பயன்பாடு முதலில் ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. 1977இல் அதே வட்டாரத்தில் முறையை மாற்றினார்கள். ஓரளவு படித்த, மணமான உள்ளூர்ப் பெண்களை முழுநேரப் பணியில் அமர்த்திப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். பல முறைகளைச் சொல்லித் தேர்ந்தெடுக்க விட்டார்கள். பக்கவிளைவு என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்டு, வேறு முறைக்கு மாற்றினார்கள் அல்லது மருத்துவரிடம் அனுப்பினார்கள். பயன்பாடு ஏறியது, ஏறிய நிலையிலேயே நின்றது. மாத்திரை, ஆணுறையோடு ஊசி போன்ற முறைகளும் சேர்ந்திருந்தன. மறுபடி வந்து எட்டிப் பார்க்க ஆள் இருந்தது என்பதே பெரிய மாற்றம். மத்லப் முடிவுகளைப் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் உண்டு. நிதி கொடுப்போர் அவற்றை மேற்கோள் காட்டாத கூட்டமும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகிற பணியாளரின் சம்பளத்தை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதினால், முதலில் அடிக்கப்படுவது அந்த வரிதான்.

இலக்கு வைத்து வேலை வாங்கிய பழைய வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் செவிலியரின் அச்சம் அங்கிருந்து வந்தது. அரசு அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1952இல் தொடங்கிய நாடு இது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் அன்றைய சென்னை மாநிலத்தில் 1950களிலேயே வந்துவிட்டது. 1971இல் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை சிகிச்சை செய்த முகாமை உலகமே வந்து பார்த்தது. நெருக்கடி நிலைக் காலத்தின் 1976-77 ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஆண்கள் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. சுமை முழுவதும் பெண்கள் மீது இறங்கியது. ‘கேஸ் பிடிப்பது’ என்று சுகாதாரத் துறையில் இன்றும் சொல்கிறார்களே, அது அந்தக் காலத்துப் பேச்சு. கிராம சுகாதார செவிலியரிலிருந்து வருவாய்த் துறை ஊழியர் வரை ஆளுக்கு இத்தனை கேஸ் என்று பங்கு பிரித்திருந்தார்கள். 1994இல் ஐ.நா.வின் கெய்ரோ மக்கள்தொகை மாநாடு நடந்து, 1996இல் நாடு முழுவதும் இலக்கு முறை கைவிடப்பட்டது. தாள் அளவில் கைவிடப்பட்டது என்று சொல்வதே பொருத்தம். அந்தக் காலத்தில் பணியில் சேர்ந்த செவிலியர்கள் ஓய்வு பெறும்வரை மாதாந்திரக் கூட்டத்தில் அவர்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி மாறவில்லை.

அமெரிக்கப் பணத்துக்கு இதில் ஒரு தனிச் சட்டம் உண்டு. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய டீஹார்ட் திருத்தத்தின்படி, அவர்கள் பணத்தில் நடக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இத்தனை பேர் என்று இலக்கு வைக்கக் கூடாது. ஏற்றுக்கொள்பவருக்கும் அழைத்து வருபவருக்கும் ஊக்கத்தொகை கொடுக்கக் கூடாது. மறுப்பவருக்கு வேறெந்தச் சலுகையையும் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையின் நன்மை தீமைகளையும் புரியும்படி விளக்க வேண்டும். நல்ல சட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். எல்லா முறைகளையும் படத்தோடு விளக்கும் சுவரொட்டி ஒன்றை மருத்துவ அறையில் ஒட்ட வேண்டும் என்பார்கள், அந்தச் சுவரொட்டியைச் சுட்டிக் காட்டி, “அப்ப இதுவும் இருக்குதா நர்ஸம்மா?” என்று கேட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே சட்டம், திட்டமிடுவதற்கான மதிப்பீடுகளையும் குறியீடுகளையும் அனுமதிக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் இலக்கு கூடாது என்றும், பின்னிணைப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் எதிர்பார்க்கப்படும் சி.ஒய்.பி. இவ்வளவு என்றும் இருக்கும். மதிப்பீட்டுக்கும் இலக்குக்கும் உள்ள வேறுபாடு தலைமை அலுவலகத்தில் தெளிவாகவே இருந்தது. மாவட்ட அலுவலகத்துக்கு வரும்போது மங்கியது. ஊர் அளவில் அது இருந்த இடம் தெரியவில்லை.

இன்னொரு அமெரிக்க நிபந்தனை மெக்சிகோ நகரக் கொள்கை: கருக்கலைப்பு செய்கிற, அல்லது அதற்கு வழிகாட்டுகிற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு அவர்கள் பணம் கிடையாது. 1984இல் வந்தது, 1993இல் நீக்கப்பட்டு, 2001இல் திரும்பி வந்து, 2009இல் நீங்கி, 2017இல் விரிவாக வந்து, 2021இல் நீங்கி, 2025இல் மறுபடியும் வந்திருக்கிறது. வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் கடலூரில் ஒரு செவிலியர் வாய் திறக்கலாமா கூடாதா என்பது மாறும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். கருக்கலைப்பு நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரையறுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சட்டப்படியான மருத்துவச் சேவை. மஞ்சக்குப்பத்து அரசுத் தலைமை மருத்துவமனையில் கிடைக்கும் சேவையைப் பற்றி, காப்பர்-டி தவறிப்போய்க் கருத்தரித்து வந்து நிற்பவளிடம் தானாக முன்வந்து சொல்ல முடியாது. அவளே முடிவு செய்துவிட்டதாகத் தெளிவாகச் சொல்லி, பாதுகாப்பாக எங்கே செய்வார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். சட்டத்தரணிகள் வகுத்த இந்தச் சந்து, வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற பெண்ணுக்கு எந்த வகையிலும் உதவாது. கேட்டறியத் தெரிந்த, ஓரளவு படித்தவளுக்கே அது வழி. இந்த நிபந்தனையோடு வந்த பணத்தை வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் குழுவுக்குள் கடுமையான வாக்குவாதம் நடந்ததுண்டு. வேண்டாம் என்று சொன்னவர்கள் பக்கமே இன்று என் மனம் சாய்கிறது, ஆனால் அன்று வாங்கிய பணத்தில்தான் மூன்று செவிலியர்களின் சம்பளம் போனது என்பதையும் மறைக்க மாட்டேன்.

திரும்பப் பெறுவது என்ற கேள்வி இந்தக் கரையில் எவரும் நினைத்துப் பார்த்திராத வடிவில் 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், கிள்ளை வரை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் இறந்தனர், குழந்தைகள் பலர். தமிழ்நாட்டில் இரண்டாவது பிரசவத்தோடு ‘ஆபரேஷன்’ செய்துகொள்வது வழக்கம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே அது முடிந்துவிடும். இன்றைய கணக்கிலும் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டு குழந்தைகளையும் கடல் கொண்டுபோன, இன்னும் முப்பது வயது ஆகாத தாய்மார்கள், அந்த அறுவை சிகிச்சையைத் திருப்ப முடியுமா என்று கேட்டு வந்தார்கள். தமிழ்நாடு அரசு அதற்கு விரைந்து வழி செய்தது: அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும், தனியார் மருத்துவமனையில் செய்துகொள்வோருக்கு நிதி உதவியோடும் கருக்குழாய் மறு இணைப்புச் சிகிச்சை அளிக்க ஆணையிட்டது. எல்லோருக்கும் அது பலன் தராது. முதலில் எந்த முறையில் குழாயைக் கட்டினார்கள், எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது, தாயின் வயது என்ன என்பதைப் பொறுத்தது.

அந்த மாதங்களில் நிவாரணத்துக்கென்று உலகெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. படகுக்குக் கிடைத்தது, வலைக்குக் கிடைத்தது, தேவைக்கு மிஞ்சியே கிடைத்தது என்று கரையோரத்தில் எல்லோரும் அறிவார்கள். மறு இணைப்புக்குப் போகிற பெண்ணுக்குச் சென்னை வரை பேருந்துக் கட்டணமும் பத்து நாள் தங்கும் செலவும் கேட்டு நான் எழுதிய கோரிக்கைக்கு, ‘இது குடும்பக் கட்டுப்பாட்டின் கீழ் வருமா, பேரிடர் நிவாரணத்தின் கீழ் வருமா’ என்ற கேள்வியோடு மின்னஞ்சல் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பொறுத்தவரை ஒவ்வொரு மறு இணைப்பும் பத்து ஆண்டுகளின் இழப்பு. நிவாரணப் பிரிவைப் பொறுத்தவரை அது அவசரத் தேவை அல்ல. முடிவில் ஊர்ப் பஞ்சாயத்தாரே நாட்டார் கூட்டத்தில் பேசி, சங்கப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். தம்பதிகள் தாமே முடிவு செய்வது என்பதுதான் குடும்ப நலம் என்று மேடைதோறும் பேசியிருக்கிறோம். அந்த முடிவு எங்கள் எண்ணுக்கு எதிர்த்திசையில் போனபோது அதற்குக் கணக்குத் தலைப்பு இல்லாமல் போனது.

நிர்வாகம் என்ற சொல்லால் வெளியே இருப்பவர்கள் எதை நினைப்பார்களோ தெரியாது. என் காலத்தில் பெரும்பகுதி போனது மூன்று விதமான ஆண்டுகளைப் பொருத்துவதில். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும், ஐரோப்பியர்களுக்குச் சனவரி, அமெரிக்க அரசுக்கு அக்டோபர். அக்டோபரில் ஆண்டு தொடங்குகிறவரிடம் முதல் காலாண்டு ஏன் எப்போதும் சரிந்தே இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழை, கெடிலமும் பெண்ணையாறும் பெருகும், தாழ்வான ஊர்களுக்குச் சாலை இருக்காது என்று எழுதுவேன். அடுத்த ஆண்டு அதிகாரி மாறியிருப்பார், மீண்டும் எழுதுவேன். முந்திரி அறுவடைக் காலமான மார்ச் முதல் மே வரை பெண்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், அதையும் எழுதுவேன். இந்த மாவட்டத்தில் வேலை ஓடும் மாதங்கள் எவை என்பதை அறிந்திருந்தவர் பழைய கிராம சுகாதார செவிலியர். அவரைக் கேட்டு ஆண்டுத் திட்டம் வகுத்திருந்தால் அந்த விளக்கங்கள் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

எல்லைப் பிரச்சினை வேறு. புதுச்சேரிப் பகுதிகளும் தமிழ்நாட்டு ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் நிலப்பரப்பு இது. முள்ளோடையில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாகூர்க் கொம்யூன். இந்தப் பக்கம் கடலூர். தாய்வீடு அங்கும் மாமியார் வீடு இங்குமாக இருக்கிற பெண் பிரசவத்துக்கு ஜிப்மருக்குப் போவாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட ஊருக்கு வருவாள். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் அவள் யார் கணக்கில் வருவாள் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்லாது. நாங்கள் எங்கள் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம், அவர்களும் எழுதியிருப்பார்கள்.

நிதியுதவித் திட்டங்கள் எல்லாமே போனவுடன் தடயமில்லாமல் போயின என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடா 1980களில் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்திலும் சேலத்திலும் துணை சுகாதார நிலையங்களைக் கட்டியது. தனக்கென்று தனிப் பணியாளர், தனி மருந்துக் கிடங்கு, தனிப் பதிவேடு என்று போகாமல், அரசின் செவிலியருக்கு ஊரிலேயே தங்கி வேலை செய்ய ஓர் இடம் அமைத்துக் கொடுத்தது. தென்னாற்காடு 1993இல் பிரிந்து கடலூரும் விழுப்புரமும் ஆனது, டானிடா போய்விட்டது, செவிலியர் இருக்கிறார். அமெரிக்கப் பணத்தில் 1995 முதல் தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனம் நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டமும், பல சிறு தொண்டு நிறுவனங்களைத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வளர்த்து, அந்த அனுபவத்தை அரசின் கட்டமைப்புக்குக் கொண்டு சேர்த்தது. இன்று அப்படி ஒரு திட்டத்தை நடத்தவே முடியாது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் முதல் வங்கிக் கணக்கு புது தில்லியில் குறிப்பிட்ட ஒரு வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும். வாடகை, வண்டி, கணக்கர், அறிக்கை எழுதும் செலவு எல்லாம் நிர்வாகம் என்று எண்ணப்படுவதால், மறுபடி போய்ப் பார்ப்பதற்கான வண்டிச் செலவு மறுபடியும் முதல் பலி. கணக்கில் ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒழுங்குக்காக வைத்த வரம்பு, திட்டத்தின் எந்தப் பகுதியை அறுக்கிறது என்று பார்த்தால், பொருத்துவதை அது தொடுவதில்லை.

2025 சனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தி வைக்கப்பட்டது. சூலை 1ஆம் தேதியோடு யூ.எஸ்.எய்ட் என்ற நிறுவனமே முடிந்தது. ஆப்பிரிக்க நாடுகளுக்காக வாங்கி பெல்ஜியத்தின் கீல் நகரக் கிடங்கில் வைத்திருந்த, ஏறத்தாழ 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைச் சாதனங்களை அழிக்கப்போவதாக அந்த அரசே உறுதிப்படுத்தியது. மாத்திரையும் காப்பர்-டியும் தோலடி உள்வைப்புகளும் அவற்றில் அடக்கம். செய்தித்தாள்கள் அதை வீணடிப்பு என்று எழுதின, சரிதான். யாரும் எழுதாத இன்னொரு பக்கம், முந்தைய ஆண்டுகளில் அதே பணத்தில் உள்வைப்புப் பதித்துக்கொண்டு, இன்று எடுக்க ஆளில்லாமல் இருக்கும் பெண்கள். பதித்த செவிலியரின் ஒப்பந்தம் ஒரே நாளில் முடிந்துபோனது. கையில் இருக்கும் குழலுக்கு ஒப்பந்த முடிவு தெரியாது.

தமிழ்நாட்டுக்கு இப்போது அந்தப் பணம் தேவையில்லை. மொத்தக் கருவள விகிதம் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1.8; புதுச்சேரியில் 1.5. சாதனங்கள் அரசு வழியாகவே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கிறார். அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் 2017க்குப் பிறகு அரசின் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. பிரசவம் முடிந்த உடனே காப்பர்-டி பொருத்துவதும் இங்கே பரவலாகிவிட்டது. பிரசவ வலியில் படுத்திருப்பவளிடம் கையெழுத்து வாங்குவது சம்மதமாகுமா என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கர்ப்ப காலப் பரிசோதனையின்போதே பேசி முடிவெடுக்க வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படிப் பேசினார்களா என்பதை அறிய ஒரே வழி, ஆறு வாரத்துக்குப் பிறகு வருகிறவர்களில் எத்தனை பேர் தமக்குப் பொருத்தியிருப்பது தெரியும் என்கிறார்கள் என்று கேட்பதுதான். அதற்கும் கட்டம் இல்லை.

இப்போது இந்த மாவட்டத்தில் சமூக சுகாதாரத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிதான் வருகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. சராசரி லாபத்தில் 2 விழுக்காடு. தொடர் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளலாம். கொடுப்பவர் மாறியிருக்கிறார்; மூன்று ஆண்டு மாறவில்லை. அண்மையில் ஒரு தொண்டு நிறுவனத்து இளைஞர் தம் முன்மொழிவைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். கடலோர ஊர்களில் இளம் தாய்மார்களுக்குத் தற்காலிகக் கருத்தடை முறைகளைக் கொண்டு சேர்க்கும் திட்டம். நன்றாகவே எழுதியிருந்தார். இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னேன். ஒன்று, கேட்ட நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அகற்றப்பட்டவை எத்தனை என்ற குறியீடு. இரண்டாவது, திட்டம் முடியும்போது பதிவேட்டின் நகலை அந்தந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு ஒப்படைத்து, அகற்றும் கருவித் தொகுப்பும் பயிற்சியும் அங்குள்ள செவிலியருக்குக் கொடுப்பதற்கான தொகை. “மேடம், அவங்க படிவத்துல இதுக்கு ரோவே இல்லீங்களே” என்றார். ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் போடுங்கள் என்றேன். போட்டு அனுப்பியிருக்கிறார். நிறுவனத்திலிருந்து முதல் சுற்றுக் கேள்விகள் வந்திருக்கின்றன. இதர செலவுகளுக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்த விளக்கத்தைத்தான் இப்போது இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.